டிஎன்எஸ் சர்வருக்கு எந்த மென்பொருள்? முதலில் வேலையைப் பிரியுங்கள்

யுனிக்ஸ் வகைக் கணினியில், இணையப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை நிறுவ எது நல்லது, பைண்டா, அன்பவுண்டா, பவர்டிஎன்எஸ்ஸா என்ற கேள்விக்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிட முடியாது. டிஎன்எஸ் சர்வர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தன் பொறுப்பில் உள்ள டொமைன்களைப் பற்றி உலகத்துக்குப் பதில் சொல்வது ஒன்று. தன் நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகளுக்காக வெளியே போய்க் கேட்டு விடை கொண்டுவருவது இன்னொன்று. முதலாவதை அதிகாரபூர்வ சர்வர் என்றும் இரண்டாவதை ரிசால்வர் என்றும் வைத்துக்கொள்வோம். கிராம நிர்வாக அலுவலர் தன் ஊர்ப் பட்டா, சிட்டாவுக்கு மட்டுமே பொறுப்பு; பத்திர எழுத்தரோ எந்த அலுவலகத்துக்கும் அலைந்து வாடிக்கையாளருக்கு வேண்டியதை வாங்கித் தருவார். இரண்டு வேலையையும் ஒரே நிரலிடம் கொடுப்பதில்தான் டிஎன்எஸ் தொல்லைகளில் பெரும்பகுதி தொடங்குகிறது.

ஒரு நடைமுறை உதாரணம். ஒரு ஹோஸ்டிங் சர்வரில் வாடிக்கையாளர்களின் ஸோன்களும் (ஒரு டொமைனின் பதிவுகள் அடங்கிய தொகுப்பு) இருக்கின்றன. அதே சர்வர்தான் அலுவலகக் கணினிகளுக்கும் பெயர் தேடித் தருகிறது. ஒரு வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறிப் போகிறார். டொமைன் பதிவில் பெயர் சர்வர்கள் மாற்றப்பட்டுவிட்டன, ஆனால் பழைய சர்வரில் ஸோனை யாரும் நீக்கவில்லை. உலகம் முழுவதும் புதிய இணையதளத்தைப் பார்க்கிறது, இந்த அலுவலகம் மட்டும் பழையதையே பார்க்கிறது. அந்த டொமைனுக்கு அனுப்பும் மின்னஞ்சலும் பழைய சர்வருக்கே போய்ச் சேர்கிறது. காரணம் எளிது: தன்னிடம் ஸோன் இருக்கும்வரை அந்த நிரல் வெளியே யாரையும் கேட்காது. லாக் கோப்பில் பிழை எதுவும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிக்கவே நாள் பிடிக்கும். இரண்டு வேலையையும் இரண்டு நிரல்களிடம், இரண்டு ஐபி முகவரிகளில் கொடுத்திருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை.

பாதுகாப்பிலும் இதே கதைதான். 2008இல் டான் காமின்ஸ்கி வெளிப்படுத்திய கேஷ் நச்சூட்டல் ஓட்டை, அதாவது சேமித்துவைத்த விடைகளில் போலியைப் புகுத்தும் வழி, ரிசால்வர்களை மட்டுமே தாக்கியது. கேள்விக்கான அடையாள எண் 16 பிட்தான், அதாவது 65,536 வாய்ப்புகள். கேள்வி புறப்படும் போர்ட் எண் மாறாமலே இருந்தால், போலிப் பதில்களை மழையாகப் பொழிந்து அந்த எண்ணை ஊகித்துவிடலாம். போர்ட் எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றினால் வாய்ப்புகள் பல நூறு கோடியாகப் பெருகும். எல்லா மென்பொருள்களும் அந்தத் தீர்வுக்கே வந்தன. டிஜேபிடிஎன்எஸ், பவர்டிஎன்எஸ், அன்பவுண்ட் ஆகியவை அதற்கு முன்பே அப்படித்தான் செய்துகொண்டிருந்தன. அதிகாரபூர்வ வேலை மட்டும் செய்த சர்வர்களுக்கோ இதனால் பாதிப்பே இல்லை. அவை வெளியே எதையும் கேட்பதில்லை, நச்சூட்ட அங்கே கேஷ் கிடையாது. இன்றும் ஒரு எச்சரிக்கை பொருந்தும்: ரிசால்வருக்கு முன்னால் இருக்கும் நேட் கருவி (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) போர்ட் எண்களை வரிசையாக மாற்றிக் கொடுத்தால், மென்பொருள் செய்த பாதுகாப்பு அங்கேயே கரைந்துபோகும்.

பைண்ட்: எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் விலையும் உண்டு

டிஎன்எஸ்ஸை பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்தார். அதை யுனிக்ஸில் இயக்க பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர்கள் எழுதியதுதான் பைண்ட். பெயரிலேயே பெர்க்லி இருக்கிறது. பிறகு பால் விக்ஸி அதைப் பராமரித்தார். இன்று ஐஎஸ்சி என்ற லாப நோக்கற்ற அமைப்பு பராமரிக்கிறது. இப்போதுள்ள பைண்ட் 9 என்பது 2000இல் முற்றிலும் புதிதாக எழுதி வெளியிடப்பட்டது. பழைய பைண்ட் 8இன் ஓட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு 2001இல் லயன் என்ற புழு லினக்ஸ் சர்வர்களில் பரவியது. பைண்டுக்கு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்ட பெயர் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குரியது.

ஆனால் பைண்ட் 9க்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. உள்ளே எதிர்பாராத நிலை வந்தால் தவறான நினைவகத்தோடு தொடர்ந்து ஓடுவதைவிட உடனே நின்றுவிடுவதே மேல் என்று அதை எழுதியவர்கள் முடிவெடுத்தார்கள். கணினியைக் கைப்பற்றும் தாக்குதல்களை இது வெகுவாகக் குறைத்தது. அதற்குக் கொடுத்த விலை, சர்வரைச் சாய்க்கும் தாக்குதல்கள். 2015 ஜூலையில் வெளிவந்த டிகீ ஓட்டை இதற்குச் சரியான சாட்சி: ஒரே ஒரு பாக்கெட் போதும், பைண்டின் நேம்டி நிரல் நின்றுவிடும், ரிசால்வரா அதிகாரபூர்வமா என்ற வித்தியாசமே இல்லை. பைண்டை நம்பி இருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யவேண்டும். நிரல் நின்றால் தானாகவே மறுபடி தொடங்கும்படி சிஸ்டம்டியில் அமைக்கவேண்டும். ஐஎஸ்சி அறிவிப்பு வந்த அன்றே மேம்படுத்தும் பழக்கம் வேண்டும். பதிப்பெண்ணில் நடுவில் இரட்டைப்படை எண் இருக்கும் 9.18, 9.20 போன்ற வரிசைகளே நிலையானவை. ஒற்றைப்படை வரிசைகள் சோதனைக்கானவை. டெபியன், ரெட் ஹேட் போன்றவை பழைய பதிப்பெண்ணை வைத்துக்கொண்டே பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதால், எண்ணை மட்டும் பார்த்து ஓட்டை இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

பைண்டை விடமுடியாத இடம் எது? வியூ வசதி வேண்டிய இடம். உள்ளிருந்து கேட்டால் ஒரு விடை, வெளியிலிருந்து கேட்டால் வேறு விடை என்று ஒரே டொமைனை இரண்டு முகத்தோடு காட்ட அதைவிட முழுமையான வசதி வேறெதிலும் இல்லை. ஆனால் கவனமாக எழுதவேண்டும். ஒரு வியூ எழுதிவிட்டால் எல்லா ஸோன்களும் ஏதாவது ஒரு வியூவுக்குள் இருந்தாகவேண்டும். ஒன்று வெளியே இருந்தாலும் பைண்ட் தொடங்காது. வியூக்கள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே எடுத்துக்கொள்ளப்படும்; அனைவருக்குமான வியூவை மேலே வைத்துவிட்டால் உள்ளூர் வியூவுக்கு வேலையே இருக்காது. செகண்டரி சர்வர் (முதன்மைச் சர்வரிடமிருந்து ஸோனைப் பிரதியெடுப்பது) இரண்டு முகத்தையும் பெறவேண்டுமென்றால், எந்த வியூவிலிருந்து எடுக்கிறது என்பதை டிசிக் சாவியால் (இரு சர்வர்களும் பகிர்ந்துகொள்ளும் ரகசியச் சாவி) பிரித்துக் காட்டலாம். எழுதப்படும் ஒரே கோப்பை இரண்டு வியூக்களுக்குக் கொடுப்பது பெரும் தவறு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடக்கூடும் என்பதால் இப்போதைய பைண்ட் அதை ஏற்கவே மறுக்கும்.

சிறிய கிளவுட் சர்வரில் பைண்டை ரிசால்வராக வைப்பவர்கள் மறக்கும் ஒன்று, கேஷின் உச்சவரம்பு. எதுவும் சொல்லாவிட்டால் மொத்த நினைவகத்தில் 90 சதவீதம்வரை கேஷுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் இயல்பான அமைப்பு. 1 ஜிபி சர்வரில் மரியாடிபியும் வேர்ட்பிரஸும் கூடவே ஓடினால், சில வாரங்களில் நினைவகம் தீர்ந்து கெர்னல் எதையாவது கொல்லும்; கொல்லப்படுவது பல நேரம் தரவுத்தளமாக இருக்கும். மேக்ஸ்-கேஷ்-சைஸ் என்ற வரியில் 128 எம்பி என்று எழுதினால் போதும்.

உபுண்டுவில் இன்னொரு பொறி இருக்கிறது. டைனமிக் அப்டேட் (நெட்வொர்க் வழியாகவே பதிவை மாற்றுவது) அல்லது தானியங்கி டிஎன்எஸ்செக் கையொப்பம் (விடை போலியல்ல என்று நிரூபிப்பது) வைத்த ஸோன் கோப்பை இடிசி அடைவில் உள்ள பைண்ட் கோப்புறையிலேயே வைத்தால், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் கோப்பை உருவாக்க அனுமதி இல்லை என்று பிழை வரும். கோப்புறையின் உரிமையை மாற்றியும் பயனிருக்காது, தடுப்பது உபுண்டுவின் பாதுகாப்புக் காவலான ஆப்ஆர்மர். அத்தகைய ஸோன்களை வார், லிப் வழியில் உள்ள பைண்ட் கோப்புறைக்கு நகர்த்துவதே தீர்வு. டைனமிக் ஸோனை எடிட்டரில் திறக்கும் முன் ஆர்என்டிசி கட்டளையில் ஃப்ரீஸ், முடித்தபின் தாவ் (thaw) கொடுக்கவேண்டும். இல்லையென்றால் ஜர்னலும் கோப்பும் முரண்பட்டு, அடுத்த முறை ஸோன் ஏறாது.

ரிசால்வர் மட்டும் போதும் என்றால்

அலுவலகம், கல்லூரி, மின்னஞ்சல் சர்வர், சிறிய இணையச் சேவை நிறுவனம், எதுவானாலும் ரிசால்வர் மட்டும் வேண்டுமென்றால் அன்பவுண்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள என்எல்நெட் லேப்ஸ் 2008இல் அதன் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. ஃப்ரீபிஎஸ்டி 2014இல் வெளியான 10.0 பதிப்பில் பைண்டை அடிப்படை அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு அன்பவுண்டை வைத்தது. ஓபன்பிஎஸ்டியும் அதேபோல ரிசால்வருக்கு அன்பவுண்ட், அதிகாரபூர்வ வேலைக்கு என்எஸ்டி என்று பிரித்துக்கொண்டது. பாதுகாப்பில் கண்டிப்பான இரண்டு அமைப்புகள் ஒரே முடிவுக்கு வந்தது தற்செயல் அல்ல.

அமைப்பது எளிது. எந்த முகவரியில் கேட்கவேண்டும் என்று இன்டர்ஃபேஸ் வரியிலும், யார் கேட்கலாம் என்று ஆக்சஸ்-கன்ட்ரோல் வரியிலும் எழுதவேண்டும். இரண்டாவதை எழுதாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் தவிர மற்ற எல்லாருக்கும் மறுப்புதான் கிடைக்கும். இது நல்ல இயல்புநிலை. உலகத்துக்கே திறந்துவைத்த ரிசால்வர், பிறரைத் தாக்கப் பயன்படும் பெருக்கியாகிவிடும். 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸ் மீது நடந்த பெரும் தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த ரிசால்வர்களைக் கொண்டே நடந்தது. திரெட் எண்ணிக்கையை பிராசசர் கோர் எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள். கேஷ் இரண்டு வகை. ஆர்ஆர்செட் கேஷ், மெசேஜ் கேஷைவிட இருமடங்கு இருக்கவேண்டும். 64 எம்பி, 128 எம்பி என்று வைத்தால் உண்மையில் பிடிக்கும் நினைவகம் அந்தக் கூட்டுத்தொகையைப் போல இரண்டு, இரண்டரை மடங்குவரை போகும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். ஒரு நடுத்தர அலுவலகத்துக்கு இதுவே தாராளம்.

அன்பவுண்டில் அடிக்கடி மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். முதலாவது, உள்ளூர்ப் பெயர்கள். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் ஒரு டொமைனை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்பிவிட்டால் சர்வ்ஃபெயில் (விடை தர முடியவில்லை) என்ற பிழை வருகிறது. எல்லா டொமைன்களுக்கும் மேலே இருக்கும் வேர் ஸோன் 2010 ஜூலையிலிருந்து கையொப்பமிடப்பட்டது. அப்படி ஒரு டொமைன் உலகில் இல்லை என்று அது கையொப்பத்தோடு நிரூபிக்கிறது. அதை மீறி உள்ளிருந்து ஒரு விடை வந்தால் ரிசால்வர் அதைப் போலி என்றே எடுத்துக்கொள்ளும். டொமைன்-இன்செக்யூர் வரியில் அந்தப் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது. அதற்காக டிஎன்எஸ்செக் சோதனையையே அணைத்துவிடுவது அநியாயம், ஆனால் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். இரண்டாவது, 10, 192.168 போன்ற தனியார் முகவரிகளின் தலைகீழ்த் தேடல். அன்பவுண்ட் இயல்பாகவே இவற்றுக்கு அப்படி ஒன்று இல்லை என்று தானே பதில் சொல்லிவிடும். உள் சர்வரைக் கேட்கவேண்டுமென்றால் அந்த லோக்கல்-ஸோனுக்கு நோடிஃபால்ட் என்று எழுதவேண்டும். மூன்றாவது, ஸ்டப்-ஸோனுக்கும் ஃபார்வர்ட்-ஸோனுக்கும் உள்ள வேறுபாடு. எதிர்முனையில் அதிகாரபூர்வ சர்வர் இருந்தால் ஸ்டப், இன்னொரு ரிசால்வர் இருந்தால் ஃபார்வர்ட். என்எஸ்டிக்கு ஃபார்வர்ட் போட்டால், அந்த ஸோனுக்குள் பிரித்துக் கொடுக்கப்பட்ட துணை டொமைன்கள் மட்டும் கிடைக்காமல் போகும். மற்றவை சரியாக வருவதால் சந்தேகமே எழாது.

ராஸ்பெரி பையில் அன்பவுண்ட் வைப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பெரும்பாலான மாதிரிகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. மறுபடி இயங்கும்போது தேதி பின்தங்கியிருந்தால் டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் செல்லாதவையாகத் தெரியும். எந்தப் பெயருக்கும் விடை கிடைக்காது. நேரத்தைச் சரிசெய்ய வேண்டிய என்டிபி சர்வரின் பெயருக்கும் கிடைக்காது. என்டிபி சர்வர் ஒன்றையாவது ஐபி முகவரியாகவே எழுதிவையுங்கள்.

மின்னஞ்சல் சர்வர் நடத்துபவர்கள் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வரை நம்பக் கூடாது. ஸ்பாம்ஹவுஸ் போன்ற கறுப்புப் பட்டியல்கள் பொது ரிசால்வர் வழியாக வரும் இலவசக் கேள்விகளுக்கு விடை தருவதில்லை. ஸ்பாம் வடிகட்டி வேலை செய்கிற மாதிரியே தோன்றும், ஆனால் எதையும் பிடிக்காது. அந்தச் சர்வரிலேயே 127.0.0.1இல் அன்பவுண்ட் ஒன்று, யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் வேர் சர்வரிலிருந்து தானே தேடும்படி இருக்கவேண்டும்.

பவர்டிஎன்எஸ் ரிகர்சரும் செக் நாட்டு நாட் ரிசால்வரும் தரத்தில் குறைந்தவை அல்ல. கேள்விகளை லுவா நிரல்துண்டுகளால் வளைக்கவேண்டும், பயனாளருக்கேற்ப வடிகட்டவேண்டும் என்ற தேவை இருந்தால் அவற்றைப் பார்க்கலாம். எதை வைத்தாலும் மேம்படுத்தாமல் விடமுடியாது: 2024 பிப்ரவரியில் வெளிவந்த கீடிராப் ஓட்டை டிஎன்எஸ்செக் விதிமுறையிலேயே இருந்த பலவீனம் என்பதால் பைண்ட், அன்பவுண்ட், பவர்டிஎன்எஸ் ரிகர்சர், நாட் ரிசால்வர், டிஎன்எஸ்மாஸ்க் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாக்கியது.

டொமைன்களுக்குப் பதில் சொல்லும் பக்கம்

இங்கே கேட்கவேண்டியது, ஸோன்களை யார், எப்படி மாற்றுவார்கள் என்பதுதான். வேகம் இரண்டாம்பட்சம். சில நூறு டொமைன்களுக்கு இந்த மென்பொருள்களில் எதுவுமே மூச்சுவாங்காது.

கோப்பை எடிட்டரில் திருத்தி கிட் களஞ்சியத்தில் வைப்பவர்களுக்கு என்எஸ்டி. ரிசால்வர் வேலை அதில் அறவே கிடையாது. டைனமிக் அப்டேட்டும் இல்லை, கையொப்பமிடும் வசதியும் இல்லை. முன்பே கையொப்பமிட்ட ஸோனைக் கொடுத்தால் அப்படியே பரிமாறும். இவ்வளவு குறைவாகச் செய்வதே அதன் பலம். 2003இல் கே வேர் சர்வர் பைண்டிலிருந்து என்எஸ்டிக்கு மாறியது. 13 வேர் சர்வர்களும் ஒரே மென்பொருளில் ஓடினால் ஒரே ஓட்டை எல்லாவற்றையும் சாய்த்துவிடும் என்ற கவலைதான் அதன் பின்னணி. அந்தப் பாடம் சிறியவர்களுக்கும் பொருந்தும். பிரைமரி பைண்டோ நாட்டோ ஆக இருந்தால் செகண்டரியை என்எஸ்டியாக வையுங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஸோன் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவான விதிமுறை. அந்த 2015 பாக்கெட் வந்தாலும் ஒரு சர்வராவது நிற்கும்.

டிஎன்எஸ்செக் வேண்டும், அதே சமயம் சாவிகளோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் நாட் டிஎன்எஸ். செக் குடியரசின் டொமைன் பதிவகமான சிஇசட்.என்ஐசி எழுதியது. சாவி உருவாக்குவது, மாற்றுவது, கையொப்பத்தைப் புதுப்பிப்பது எல்லாம் தானே நடக்கும். ஸோன்ஃபைல்-லோட் அமைப்பில் டிஃபரன்ஸ்-நோ-சீரியல் என்று வைத்து, ஜர்னலில் முழு ஸோனையும் சேமிக்கச் சொன்னால், ஸோனின் பதிப்பைக் காட்டும் சீரியல் எண்ணை நீங்கள் தொடவே வேண்டாம். கோப்பில் மாறிய வரிகளை மட்டும் கண்டுபிடித்து அதுவே எண்ணை உயர்த்தும். உங்கள் மூலக் கோப்பின் மேல் நாட் எழுதிவிடாமலிருக்க ஸோன்ஃபைல்-சிங்க் மதிப்பை -1 என்று வைக்கவேண்டும். பைண்டிலும் இப்போது டிஎன்எஸ்செக்-பாலிசி டிஃபால்ட் என்ற ஒரே வரி போதும், ஆனால் பழைய வழிகாட்டிகளில் இருக்கும் ஆட்டோ-டிஎன்எஸ்செக் வரி 9.20இல் நீக்கப்பட்டுவிட்டது, அதை அப்படியே ஒட்டினால் நிரல் தொடங்காது.

வாடிக்கையாளர்கள் வலைப்பக்கத்தில் உட்கார்ந்து தாங்களே பதிவுகளைச் சேர்க்கிறார்கள், டொமைன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றால் பவர்டிஎன்எஸ் அதிகாரபூர்வ சர்வர். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், எல்எம்டிபி என்று தரவு எங்கே இருந்தாலும் அங்கிருந்தே படிக்கும். எச்டிடிபி வழியாக மாற்றங்களை ஏற்கும். சிக்கலும் அங்கேதான். தரவுத்தளம் விழுந்தால் எல்லா டொமைனுக்கும் சர்வ்ஃபெயில். ஆகவே தூரத்தில் ஒரு பொதுத் தரவுத்தளத்தை வைக்காமல் ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வரிலும் அதன் உள்ளூர்ப் பிரதி இருக்கவேண்டும். மாற்றம் செய்தும் பழைய விடையே வருகிறது என்று பதறவேண்டாம். அதன் கேஷ் இயல்பாக 20 விநாடி பிடித்துவைத்திருக்கும். டிஎன்எஸ்செக் இருக்கும் ஸோனில் எஸ்கியூஎல் மூலம் நேரடியாக வரி சேர்த்தால் ரெக்டிஃபை கட்டளை கொடுத்தாகவேண்டும். இல்லாவிட்டால் ‘அந்தப் பெயர் இல்லை’ என்பதற்கான நிரூபணம் தவறாகிப்போய், சோதிக்கும் ரிசால்வர்களிடம் மட்டும் டொமைன் உடையும். சோதிக்காதவற்றில் நன்றாகவே தெரியும்.

டிஜேபிடிஎன்எஸ்ஸை இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டு வேலையையும் டைனிடிஎன்எஸ், டிஎன்எஸ்கேஷ் என்று பிரித்துக் காட்டிய முன்னோடி அதுதான். அதை எழுதிய பெர்ன்ஸ்டைன் அறிவித்த ஆயிரம் டாலர் பாதுகாப்புப் பரிசு 2009இல்தான் முதன்முறை கொடுக்கப்பட்டது. ஆனால் 2001க்குப் பிறகு அவர் புதிய பதிப்பு வெளியிடவில்லை. ஐபிவி6க்கே ஒட்டுப்போட்ட நிரல் தேவை, டிஎன்எஸ்செக் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாம்.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று மூன்று மேல்மட்ட டொமைன்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ஸோன் கோப்பில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதக் கூடாது. எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தில்தான் எழுதவேண்டும். தமிழில் எழுதினால் பைண்ட் அதை வெறும் பைட்டுகளாகவே எடுத்துக்கொள்ளும், உலாவியோ அந்த வடிவில் ஒருபோதும் கேட்காது. ஒரு பகுதிக்கு 63 பைட் என்ற வரம்பும் அந்தப் பியூனிகோட் வடிவத்துக்கே.

வீடும் சிறு அலுவலகமும்

கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியும் பெயர்த் தேடலும் ஒன்றாக வேண்டிய இடத்தில் டிஎன்எஸ்மாஸ்க்குக்கு மாற்று தேடவேண்டியதில்லை. முகவரி வாங்கிய கணினியின் பெயர் உடனே டிஎன்எஸ்ஸில் தெரியும். கேஷ் இயல்பாக 150 பெயர்கள்தான். அதை 1000, 2000 என்று உயர்த்துங்கள். இது தானே வேர்வரை போய்த் தேடாது, மேலே இருக்கும் ரிசால்வரிடம் கேட்டு வாங்கித் தரும். ஆகவே வெளிமுகத்தில் திறந்துவைக்கக் கூடாது. 2021 ஜனவரியில் வெளிவந்த ஏழு ஓட்டைகள் 2.83 பதிப்பில் திருத்தப்பட்டன, ஆனால் அதற்கு முந்தைய பதிப்போடு ஓடும் பழைய ரவுட்டர்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது.

புதிதாக எதை நிறுவினாலும் 53ஆம் போர்ட் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்ற பிழையை உபுண்டுவில் பார்ப்பீர்கள். 127.0.0.53இல் சிஸ்டம்டி-ரிசால்வ்டி உட்கார்ந்திருக்கிறது. மெய்நிகர் கணினிகள் வைத்திருந்தால் 192.168.122.1இல் லிப்வர்ட் ஒரு டிஎன்எஸ்மாஸ்க்கை ஓடவிட்டிருக்கும். 0.0.0.0 என்று எல்லா முகவரியையும் கேட்கும் நிரல் இவற்றோடு மோதும். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் இன்டர்ஃபேஸ் வரியில் எழுதினால் மோதல் இல்லை. ரிசால்வ்டியை விலக்குவதென்றால் டிஎன்எஸ்-ஸ்டப்-லிசனரை நோ என்று மாற்றி, ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் இணைப்பையும் மாற்றவேண்டும்; இரண்டாவதை மறந்தால் அந்தக் கணினிக்கே பெயர் தெரியாமல்போய், தொகுப்புகளைக்கூட இறக்க முடியாது.

எந்த மென்பொருளிலும் வரும் பிழைகள்

ஸோன் கோப்பில் முழுப் பெயரின் கடைசிப் புள்ளியை விட்டால் டொமைன் இரட்டிப்பாகும். மெயில்.எக்சாம்பிள்.காம் என்று புள்ளியில்லாமல் எழுதியது மெயில்.எக்சாம்பிள்.காம்.எக்சாம்பிள்.காம் ஆகிவிடும். இலக்கணப்படி இது பிழையே இல்லை. நேம்டி-செக்ஸோன் கட்டளையில் பெரிய எழுத்து -D விருப்பத்தைக் கொடுத்து விரித்துப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

சீரியல் எண் குறைந்தால் செகண்டரி புதிய ஸோனை எடுக்காது. தேதியை 2025061501 என்று எழுதவேண்டியவர் விரல் பிசகி 2052061501 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்ணுக்குத் திருத்தினால் அது சிறியது, செகண்டரி திரும்பிக்கூடப் பார்க்காது. 27 ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம், ஒவ்வொரு செகண்டரியிலும் ஸோனை அழிக்கவும் வேண்டாம். சீரியல் 32 பிட் எண், உச்சம் 4294967295, அதைத் தாண்டினால் சுற்றிவரும். ஓர் எண்ணிலிருந்து முன்னோக்கிப் பாதிச் சுற்றுக்குள் இருப்பதெல்லாம் அதைவிடப் பெரியது என்பதே ஒப்பீட்டு விதி. எனவே தவறான எண்ணோடு 2147483647ஐக் கூட்டி 4199545148 என்று வையுங்கள். எல்லாச் செகண்டரிகளும் அந்த எண்ணைப் பெற்றுவிட்டன என்று, சீரியல் எண் அடங்கிய எஸ்ஓஏ பதிவைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு 2025061501 என்று எழுதுங்கள். சுற்றிவந்த கணக்கில் அது 2120483649 படி முன்னால் இருக்கிறது, பாதிச் சுற்றான 2147483648க்குள் அடங்குவதால் பெரியதாகவே கொள்ளப்படும். நடுவில் ஒரு செகண்டரி விட்டுப்போனால் அது மட்டும் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். அவசரப்படக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

ஸோன் பரிமாற்றத்தில் டிசிக் சாவி சரியாக இருந்தும் பேட்டைம் என்று மறுக்கப்பட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். இரு பக்கத்துக்கும் 300 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்காது.

ஃபயர்வாலில் யுடிபி 53ஐ மட்டும் திறந்து டிசிபி 53ஐ மூடிவைப்பது இன்னும் பல இடங்களில் தொடர்கிறது. சின்ன விடைகள் எல்லாம் வரும். மின்னஞ்சலுக்கான நீளமான டிகிம் பதிவு, டிஎன்எஸ்செக் சாவிகள் மட்டும் வராது. 2020இல் மென்பொருள்கள் சேர்ந்து யுடிபி விடையின் அளவை 1232 பைட்டுக்குக் குறைத்தன. ஐபிவி6இன் குறைந்தபட்சப் பாக்கெட் 1280. அதில் தலைப்புகளுக்கு 40உம் 8உம் போனால் மிச்சம் 1232. அதைத் தாண்டிய விடை டிசிபியில்தான் வந்தாகவேண்டும்.

பழையதிலிருந்து புதியதற்கு

மாறுவதற்குச் சில நாள் முன்பே ஸோனுக்குள் இருக்கும் டிடிஎல்லை (விடையைப் பிறர் கேஷில் வைத்திருக்கக்கூடிய காலம்) 300 விநாடியாகக் குறையுங்கள். புதிய சர்வரை ஏற்றியபின், இரண்டிலிருந்தும் முழு ஸோனை எடுத்து வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். எஸ்ஓஏ வரியைத் தவிர வேறு வித்தியாசம் இருக்கக் கூடாது. டிக் கட்டளையில் கேட்டால் விடையில், இது அதிகாரபூர்வ விடை என்று காட்டும் ஏஏ என்ற கொடி இருக்கவேண்டும். வெளி நெட்வொர்க்கிலிருந்து, உங்களுடையதல்லாத ஒரு டொமைனைப் புதிய சர்வரிடம் கேளுங்கள். ரெஃப்யூஸ்டு என்று வந்தால் சரி. விடை வந்தால் அது திறந்த ரிசால்வர், அப்படியே விடக் கூடாது.

டொமைன் பதிவாளரிடம் பெயர் சர்வர்களை மாற்றியவுடன் பழைய சர்வரை அணைக்காதீர்கள். காம் ஸோன் தன்னிடமுள்ள பெயர் சர்வர் பதிவுகளுக்குக் கொடுக்கும் டிடிஎல் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். உங்கள் 300 அதை மாற்றாது. கையொப்பமிட்ட ஸோனாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். சாவிகளையும் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் முதலில் பதிவாளரிடம், மேல்மட்ட ஸோனில் இருந்து உங்கள் சாவியை உறுதிசெய்யும் டிஎஸ் பதிவை நீக்கி, காமில் அதன் டிடிஎல்லான 86400 விநாடி கழியும்வரை காத்திருந்து, பிறகு சர்வரை மாற்றி, புதிய சாவியால் கையொப்பமிட்டு, எல்லாம் சரியாக வருகிறது என்று பார்த்தபின் புதிய டிஎஸ்ஸைச் சேர்க்கவேண்டும். வரிசை மாறினால் சோதிக்கும் ரிசால்வர்களிடம் டொமைன் ஒரு நாள்வரை காணாமல் போகும். பிறருடைய கேஷில் இருக்கும் டிஎஸ்ஸை உங்கள் பக்கத்திலிருந்து அழிக்க வழி கிடையாது.